அளவு நாடாவும் மனநோயும்

தையற்காரரின் கழுத்தில் மாலைபோல் தொங்கும் அளவு நாடாவை நீங்கள் அறிவீர்கள். மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோள் அகலம் ஆகியவற்றைச் சொல்ல அது போதும். ஆனால், மனிதனுடைய உள்ளத்தில் எந்த நோய் குடிபுகும் என்பதையும் அது சொல்லும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. நம்பியவர்கள் பாமரர்கள் அல்லர். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்களாக வீற்றிருந்தவர்களே அவ்வாறு நம்பினார்கள். அந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நான் குறிப்பிடும் நோய் மனச்சிதைவு நோய். ஆங்கிலம் கற்றோர் இதனை ஸ்கிசோஃப்ரீனியா என்பர். இல்லாத குரல் காதில் ஒலிப்பதும், பிறர் தம்மைச் சூழ்ந்து சதி செய்வதாக எண்ணுவதும், எண்ணங்கள் கோவையற்றுச் சிதறுவதும், உற்றார் உறவினரிடமிருந்து மெல்ல மெல்ல ஒதுங்குவதும் இதன் குறிகள். 1899ஆம் ஆண்டில் எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மருத்துவர் தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், மனநோய்களுள் பெரியனவற்றை இரண்டாகப் பகுத்தார். இளமையில் தொடங்கி அறிவையும் உணர்வையும் தேய்ப்பது ஒன்று. களிப்பும் சோர்வுமாக மாறி மாறி வந்து, இடையிடையே தெளிவதும் உடையது மற்றொன்று. முன்னதற்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை 1908ஆம் ஆண்டில் சூட்டியவர் சூரிச் நகரத்து யூஜென் பிளாய்லர்.

பகுத்தது சரி, ஆனால் நோயாளி ஒருவர் எதிரே வந்து அமர்ந்தால், அவருக்கு இருப்பது இதுவா அதுவா என்று எவ்வாறு அறிவது? பேச்சைக் கேட்க வேண்டும்; நடத்தையைக் கவனிக்க வேண்டும்; பல மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். இரு மருத்துவர்கள் பார்த்தால் இரு முடிவுகள் வரக்கூடும். இதே சமயத்தில் பக்கத்து வார்டில் ஓர் அற்புதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. மேகநோய் முற்றி மூளையைத் தாக்குவதால் உண்டாகும் ஒருவகைப் பைத்தியம் அந்நாளைய மருத்துவமனைகளில் மிகுதி. 1906இல் வாசர்மன் கண்ட இரத்தச் சோதனை மேகநோயைக் காட்டித் தந்தது. 1913இல் நோகுச்சி, மூர் என்ற இருவரும் அந்நோயாளிகளின் மூளையிலேயே கிருமியைக் கண்டு காட்டினார்கள். ஒரு மனநோய்க்கு உடலில் சான்று கிடைத்துவிட்டது! அப்படியானால் மற்ற நோய்களுக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா? அந்த ஏக்கம் எத்துணை இயல்பானது என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அளவு நாடாவைக் கையில் எடுத்தவர்களை நாம் எளிதில் நகைத்துவிடக் கூடாது.

எர்ன்ஸ்ட் கிரெட்ச்மர் தென்மேற்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஷ்வாபிய நாட்டவர், 1888இல் பிறந்தவர். டூபிங்கன் நகரத்து மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர். 1921ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் முடிந்த மூன்றாம் ஆண்டில், ‘உடலமைப்பும் குணமும்’ என்று பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். அந்நூல் 20க்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. 1925இல் ஆங்கிலத்திலும் வந்தது.

மெலிந்து நீண்டவன் ஒரு வகை, குறுகிப் பருத்தவன் ஒரு வகை என்று மனிதரைப் பிரிப்பது பழைய வழக்கமே. கிரேக்க நாட்டு ஹிப்பாக்கிரட்டீஸின் மரபினர், மெலிந்தவனுக்கு க்ஷயமும் பருத்தவனுக்குப் பக்கவாதமும் வரும் என்றனர். நம் சித்த மருத்துவர்கள் வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று பேசுவதும் நீங்கள் அறிந்ததே. கிரெட்ச்மர் செய்த புதுமை, கணக்கெடுத்ததுதான். நோயாளியை நிறுத்தி வைத்து, தலை முதல் கால் வரை நாடாவாலும் கவராயம் போன்ற கருவியாலும் அளந்து, நீண்ட படிவம் ஒன்றில் நிரப்பினார். பின்னர் உடல்களை வகைப்படுத்தினார். ஒடுங்கிய மார்பும் மெலிந்த கைகால்களும் உடைய ஒல்லி உடலை அஸ்தெனிக் என்றார். அகன்ற தோளும் திரண்ட தசையும் உடைய கட்டுடல் அத்லெட்டிக். குறுகிய கழுத்தும் வட்ட முகமும் தொந்தியும் உடைய உருண்டை உடல் பிக்னிக். (இப்பெயரைக் கேட்டதும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது நினைவுக்கு வரும். அது வேறு, இது ‘அடர்ந்தது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது.) இவற்றுள் அடங்காத, ஒழுங்கு பிறழ்ந்த உடல்களுக்கு டிஸ்பிளாஸ்டிக் என்று பெயரிட்டார்.

ஒல்லி உடல் ஆடவருக்கும் உருண்டை உடல் ஆடவருக்கும் சராசரி உயரத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்: 168.4 சென்டிமீட்டர், 167.8 சென்டிமீட்டர். ஆனால் மார்புச் சுற்றளவில் முன்னவருக்கு 84.1, பின்னவருக்கு 94.5. எடையோ முறையே 50.5 கிலோ, 68 கிலோ.

இனி முடிவைப் பாருங்கள். மொத்தம் 260 நோயாளிகள். மனச்சிதைவு உடையவர் 175 பேர். களிப்பும் சோர்வும் மாறிவரும் நோயுடையவர் 85 பேர். அந்த 85 பேரில் 58 பேர் முழு உருண்டை உடலினர். 14 பேர் அதன் கலப்பினர். மனச்சிதைவு கொண்ட 175 பேரில் 81 பேர் ஒல்லி உடலினர். 31 பேர் கட்டுடலினர். 34 பேர் ஒழுங்கு பிறழ்ந்த உடலினர். உருண்டை உடலினரோ வெறும் 2 பேர்!

இந்தக் கணக்கைக் கண்டவர்கள் வியந்ததில் வியப்பில்லை. கிரெட்ச்மர் இத்துடன் நிற்கவில்லை. உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே ஆட்டிவைப்பவை நாளமில்லாச் சுரப்பிகளாக இருக்கலாம் என்றார். நோயாளிகளிடமிருந்து நலமுற்றோரிடம் தாவி, ஒல்லியானவன் உள்முகமாக ஒடுங்குபவன், உருண்டையானவன் ஊரோடு கலகலப்பவன் என்றும் எழுதினார். இந்தத் தாவல்தான் நூலைப் புகழ் பெறச் செய்தது. என் கருத்தில், அதைக் கெடுத்ததும் இதுவே.

கணக்கில் எங்கே ஓட்டை? மாணவர்களாகிய நீங்கள் சற்று நிறுத்தி, நீங்களே தேடிப் பாருங்கள்.

முதல் ஓட்டை வயது. மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டு, இருபது, இருபத்தைந்து வயதில் தலைகாட்டுவது. மற்ற நோயோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் நடுவயதினர் மிகுதி. இருபது வயதில் கொடிபோல் இருந்தவர் நாற்பத்தைந்தில் தூண்போல் ஆவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். பழைய திருமணப் படத்தை எடுத்துப் பார்த்தால் போதும். கிரெட்ச்மரின் நாடா நோயை அளந்ததா, வயதை அளந்ததா? பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் வயதுக்கு வயது ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்தப் பெரிய இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. முழுதும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் ஓட்டை, அளந்தவரே நோயையும் முடிவு செய்தது. எந்த உடலுக்கு எந்த நோய் என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிட்டபின், ஐயத்துக்குரிய உடலை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று வரும்போது கை தானாக ஒரு பக்கம் சாயும். நாடா தானாக எதையும் காண்பதில்லை, பயின்ற கண்ணே வகையைக் காண்கிறது என்ற கருத்தைக் கிரெட்ச்மரே எழுதியிருக்கிறார். அப்படியானால் தசமப் புள்ளியிட்ட எண்கள் எதற்கு? கண் முன்கூட்டிச் சொன்னதற்கு அவை சாட்சிக் கையெழுத்துப் போட்டன போலும்.

மூன்றாவதாக நான் ஐயுறுவது பசி. வரலாறு கற்பித்தவனாதலால் இது என் கண்ணில் படுகிறது. முதல் உலகப் போரில் கடல் முற்றுகையால் ஜெர்மனி உணவின்றித் தவித்தது. 1916–17ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கு, கிழங்கே உணவான காரணத்தால், ‘டர்னிப் குளிர்காலம்’ என்றே பெயர். அப்போரின்போது ஜெர்மனியின் மனநோய் விடுதிகளில் பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் வழக்கத்தைவிட மிகுதியாக இறந்தோர் ஏறத்தாழ 70,000 பேர் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். அவ்விடுதிகளில் நெடுங்காலம் கிடந்தவர்களில் மனச்சிதைவு நோயாளிகளே மிகுதி. அந்தக் கொடுமை ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள் எடுத்த அளவுகள் இவை. 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 50 கிலோ எடை என்பதைப் படிக்கும்போது, இது பிறவி உடலமைப்பா, வெறும் கஞ்சித் தட்டின் கணக்கா என்று கேட்கத் தோன்றுகிறது.

1931ஆம் ஆண்டில் வெஸ்ட்ஃபால் என்பவர் பலருடைய ஆய்வுகளைத் திரட்டி 8,099 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். மனச்சிதைவு உடையவர்களில் ஒல்லி உடலினர் 100க்கு ஏறத்தாழ 50 பேர். ஆனால் 175இல் 2 பேர் என்றிருந்த உருண்டை உடலினர், இப்போது 100க்கு ஏறத்தாழ 14 பேர் ஆகிவிட்டனர்! ஏழு நோயாளிகளில் ஒருவர் ‘வரக்கூடாத’ உடலோடு வந்து நிற்கிறார் என்றால், நாடாவை நம்பி நோயை முடிவு செய்வது எப்படி?

அதற்குமேல் ஒரு கணக்கு. ஓர் ஊரில் 1,000 பேர் வாழ்வதாகவும், அவர்களில் 300 பேர் ஒல்லியானவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வூரில் இந்நோய் உடையவர் 8 பேர் என்க. அவர்களில் பாதி, அதாவது 4 பேர், ஒல்லி. ஒல்லியாக இருக்கும் 300 பேரையும் வரிசையில் நிறுத்தினால், நோய் உடையவர் 4 பேர். இல்லாதவர் 296 பேர். நோயாளிகளில் பலர் ஒல்லி என்பது மெய்யாகவே இருக்கலாம். ஒல்லியானவர் நோயாளி என்பது அதிலிருந்து பிறக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மிகக் கூடுதலான விலை கொடுக்க வேண்டியிருந்தது.

1945இல் லண்டனில் ரீஸ், ஐசங்க் என்ற இருவர், போர்க்கால மருத்துவமனையில் இருந்த படைவீரர்களை அளந்து ஓர் எளிய சூத்திரம் வகுத்தனர். உயரத்தை 100ஆல் பெருக்கி, மார்பின் குறுக்கு அகலத்தை 6ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். விடை 106க்கு மேற்பட்டால் ஒல்லி வகை. 96க்குக் கீழானால் பருத்த வகை. 1974ஆம் ஆண்டில் நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். உளவியல் பயின்ற ஒரு நண்பன் நூலகத்திலிருந்து பழைய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். மூன்று உடல்களின் படங்களும், இந்தச் சூத்திரமும், எந்த உடலுக்கு எந்த நோய் என்ற பட்டியலும் அதில் இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுதும் நாங்கள் ஒருவரை ஒருவர் அளந்தோம். அதற்குரிய கருவி எங்களிடம் இல்லை. ஒருவன் சுவரில் சாய்ந்து நிற்க, விலாவின் இருபுறமும் தடித்த புத்தகங்களை அணைத்துப் பிடித்து, இடைவெளியை அடிக்கோலால் பார்த்தோம். என் அறைத் தோழனுக்கு உயரம் 170. குறுக்கு அகலம் 25. விடை 113. விடுதியிலேயே மிக உயர்ந்த எண்! அதன்பின் அவன் தனியே உட்கார்ந்து படித்தால்கூட நாங்கள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டோம். அவன் அதைச் சிரித்தபடி பொறுத்துக்கொண்டான் என்று நினைத்தோம். உண்மையில் பல இரவுகள் அஞ்சி விழித்திருந்ததாகப் பல ஆண்டுகளுக்குப் பின் என்னிடம் சொன்னான். அவனுக்கு எந்த நோயும் வரவில்லை.

எதிரறை நண்பன் எல்லாரினும் பருத்தவன், எல்லாரினும் கலகலப்பானவன். அவனுக்கு வந்த எண் 91. மறு ஆண்டு அவன் கலகலப்புக் குறைந்தது. பின்னர்ச் சன்னலை எப்போதும் சாத்தி வைத்தான். சாப்பாட்டுக் கூடத்தில் தன்னைப் பற்றியே எல்லாரும் பேசுவதாகச் சொன்னான். அவனுடைய தந்தையார் ஊரிலிருந்து வந்து, “தம்பி, நீங்கள் கூடவே இருப்பவர்கள், என்னவென்று தோன்றுகிறது?” என்று எங்களைக் கேட்டார். புத்தகம் படித்த பெருமையில், “கவலைப்படாதீர்கள் ஐயா, இவன் உடம்புக்கு அந்த நோய் வராது, வெறும் மனச்சோர்வுதான், தேர்வு முடிந்தால் சரியாகிவிடும்” என்று சொன்னவன் நான்தான். அவரும் நம்பித் திரும்பிச் சென்றார். அவன் மருத்துவரிடம் சேரப் பின்னும் ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

வரலாற்றின் இருண்ட ஏட்டையும் விட்டுவிட முடியாது. 1933 ஜூலை 14 அன்று ஹிட்லரின் அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோய் உடையவர்கள் எனக் கருதப்பட்டோர் பிள்ளை பெறாதபடி வலிந்து அறுவை செய்யும் சட்டம் அது. அதன் பட்டியலில் மனச்சிதைவு நோய் முன்வரிசையில் இருந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேர் அதற்கு இரையாயினர். 1940, 41ஆம் ஆண்டுகளில் 70,000க்கு மேற்பட்ட நோயாளிகள் நச்சுக்காற்றால் கொல்லப்பட்டனர். அவர்களைத் தேர்ந்தெடுத்தது அளவு நாடா அன்று. நோயின் பெயரும் வேலை செய்யும் திறனும் எழுதப்பட்ட படிவங்களே. ஆயினும் நோய் பிறவியிலேயே உடலில் எழுதப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் அந்தக் காற்றில் கலந்திருந்தது. கிரெட்ச்மரின் நடத்தை இருவகைப்பட்டது. 1933இல் உளமருத்துவச் சங்கத்தின் தலைமையைத் துறந்தார். அதே ஆண்டில் ஹிட்லருக்கு ஆதரவளித்த பேராசிரியர்களின் அறிக்கையில் கையொப்பமும் இட்டார். அறுவைக்கு ஆணையிடும் நீதிமன்றத்திலும் அமர்ந்தார். போருக்குப் பின் டூபிங்கனில் மீண்டும் பேராசிரியராக இருந்து, 1964இல் மறைந்தார். அவரை அரக்கர் என்றோ தியாகி என்றோ நான் எழுதத் துணியேன்.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் என்பவர் நாடாவுக்குப் பதில் புகைப்படத்தைக் கொண்டுவந்தார். 1940இல் வெளியிட்ட நூலுக்காக 4,000 கல்லூரி மாணவர்களின் ஆடையற்ற படங்களை ஆராய்ந்து, ஒவ்வோர் உடலுக்கும் மூன்றிலக்க எண் கொடுத்தார். எக்டோமார்ஃப், மெசோமார்ஃப், எண்டோமார்ஃப் என்ற சொற்கள் அவர் தந்தவை; உடற்பயிற்சிக் கூடங்களில் அவை இன்றும் உலவுகின்றன. 1995இல் செய்தித்தாள்கள் இப்படங்களின் கதையை வெளியிட்டன.

அளப்பதெல்லாம் வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் கூடாது. 1968இல் வால்ட்ராப் என்ற அம்மையாரும் உடன் உழைத்தோரும் சிறு உடற்குறிகளைப் பட்டியலிட்டனர். தலைச்சுற்றளவு, காது அமைந்திருக்கும் உயரம், அண்ணத்தின் வளைவு, சுண்டுவிரலின் கோணல், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையேயுள்ள இடைவெளி முதலியன அதில் அடங்கும். இவை மனச்சிதைவு நோயாளிகளிடம் சராசரியாகச் சற்று மிகுந்து காணப்படுவதைப் பின்வந்த பல ஆய்வுகள் காட்டின. கருவில் தோலும் மூளையும் ஒரே படலத்திலிருந்து தோன்றுபவை. ஆகவே கருவளர்ச்சியில் நேர்ந்த ஓர் இடையூறு இரண்டிலும் தடம் பதிக்கக்கூடும் என்று விளக்குகின்றனர். 1944–45இல் ஹாலந்து நாட்டில் நேர்ந்த கடும் பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கு, இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று 1996இல் வெளியான ஆய்வு கூறியது. மறுபடியும் பசி! ஆயினும் இக்குறிகள் கூட்டத்தைப் பற்றிப் பேசுபவை. எதிரே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எதையும் முடிவு செய்ய உதவாதவை. கோணல் சுண்டுவிரல் உடைய எண்ணற்றோர் நலமாக வாழ்கின்றனர். இன்றும் மருத்துவர் இந்நோயை அறிவது நோயாளியின் சொல்லைக் கேட்டும், உடனிருப்போரை உசாவியும், வேறு நோய்கள் இல்லை எனத் தெளிந்துமே.

1952இல் பாரிஸ் நகரத்தில் டிலே, டெனிக்கர் என்ற இருவர் குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். அதன்பின் வந்த மருந்துகள் பல. அவற்றுள் சில உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் ஏற்றுபவை. ஆகவே அளவு நாடா மனநோய் மருத்துவமனைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இம்முறை நோயைக் கண்டுபிடிக்க அன்று, நோயாளியின் இதயத்தைக் காக்க. நம் நாட்டு ஆடவருக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை என்பது கணக்கு.

எதிரறை நண்பன் இன்று எழுபதை நெருங்குகிறான். முப்பதாண்டுகள் கணக்கு எழுதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தப் பேச்சில் தன்னைக் குறிப்பிட அவனே இசைந்தான். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை அவன் மருத்துவரிடம் செல்லும்போது நானும் துணைக்குச் செல்வதுண்டு. சென்ற முறை செவிலியர் நாடாவைச் சுற்றிப் பார்த்து, “தொண்ணூற்று நான்கு, போன முறையைவிட இரண்டு குறைவு” என்று எழுதிக்கொண்டார். அவன் என் பக்கம் திரும்பி, “இதற்கும் உன்னிடம் ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?” என்று கேட்டான்.